சிறுகதை எழுதுவது எப்படி: ஆளைப் பிடிப்பதிலிருந்து அனுப்பி வைப்பது வரை

சிறுகதை எழுத உட்கார்ந்து இரண்டாம் பக்கத்திலேயே நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்தில் புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். மொழி போதாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. வேலையை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம். கதை யாருடையது என்றே முடிவாகியிருக்காது, ஆனால் முதல் வரியை மட்டும் பத்து விதமாக மாற்றி எழுதியிருப்பார்கள். அதனால் இங்கே எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரே கதையை எல்லாப் படிகளிலும் எடுத்துக்கொள்வோம். சிவதாபுரத்தில் வீட்டிலேயே கூலிக்குக் கொலுசு பற்றவைக்கும் ஒரு பெண். பெயர் தனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் கற்பனை, தொழில் நிஜம். கதையின் அளவு 1,500 முதல் 2,000 சொற்கள். முதல் கதைக்கு இந்த அளவு போதும். இதைவிட நீண்டால் எங்கே தொய்கிறது என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு நோட்டு. தினமும் ஒரே நேரத்தில் கிடைக்கிற ஒரு மணி நேரம். கதையை வாசித்துவிட்டு உங்கள் முகம் பார்க்காமல் பேசக்கூடிய ஒருவர்.

அப்புறம், யூனிகோடில் தட்டச்சு செய்யும் பழக்கம். தமிழ்99 விசைப்பலகை கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் குறிகளாகத் தெரியும். அதைப் பார்க்கிற ஆசிரியர் உங்களுக்குப் பதில் எழுதி, மாற்றி வாங்கிப் படிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1. கருத்தை ஒதுக்கிவிட்டு ஓர் ஆளைப் பிடியுங்கள்

“முதியோர் தனிமையைப் பற்றி எழுதப்போகிறேன்”, “நெசவாளர் வறுமையைப் பற்றி ஒரு கதை” என்றுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். முதல் தடுக்கல் இதுதான். கருத்தில் தொடங்கினால் கதையில் வருகிற எல்லோரும் அந்தக் கருத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களாகிவிடுவார்கள். மருமகள் கெட்டவளாகத்தான் இருப்பாள், முதலாளிக்குத் தொந்தி இருந்தே தீரும். மூன்றாம் வரியிலேயே வாசகர் முடிவைச் சொல்லிவிடுவார்.

அதற்குப் பதிலாக நோட்டில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். இன்னார், இன்ன வேலையில் இருப்பவர், இன்னது வேண்டி நிற்கிறார், இன்னது தடுக்கிறது. இந்த நான்கும் அதில் இருக்கவேண்டும்.

தனத்துக்கு எழுதிப் பார்ப்போம். வியாபாரி எடை போட்டுக் கொடுத்த வெள்ளியைக் கொலுசாக்கி, நாளைக் காலை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இன்றிரவு எடை போட்டுப் பார்க்கிறாள். வழக்கமான சேதாரம் போக இன்னும் 6 கிராம் குறைகிறது. வெள்ளி எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் அவளுடைய கணவனும் மகனும்தான்.

இதில் கருத்து என்று எதுவும் இல்லை. ஆனால் கூலித் தொழிலின் பயமும் குடும்பத்துக்குள் இருக்கிற நம்பிக்கையும் கேட்காமலே உள்ளே வந்துவிட்டன. வேண்டுவது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். “தனத்துக்கு நிம்மதி வேண்டும்” என்று எழுதினால் அடுத்து அவள் என்ன செய்வாள் என்று உங்களுக்கே தெரியாது. 6 கிராம் வேண்டுமென்றால் உடனே எழுந்து தேடத் தொடங்கிவிடுவாள்.

வாக்கியம் அமையாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் நோட்டிலேயே கிடக்கட்டும்.

2. ஒரு கெடு வையுங்கள்

நாளைக் காலை ஒன்பது மணி, செவ்வாய்ப்பேட்டைக் கடை. அதற்குள் எடை சரியாகவேண்டும். கெடு இருந்தால் எதை விடலாம் என்பதை அதுவே முடிவு செய்துவிடும். தனத்தின் கல்யாணம், மாமியார் கொடுமை, மகன் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண் எதற்கும் இந்த ஓர் இரவில் இடமில்லை. தேவைப்பட்டால் ஒரு வரியில் தொட்டுக்கொள்ளலாம்.

“பத்து ஆண்டுகளுக்குப் பிறகு” என்று நடுவில் வருகிற வரைவுகளைப் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் ஒரே ஒரு நாள்தான் கதைக்குரியதாக இருக்கும். அந்த நாளைக் கண்டுபிடித்து மற்றதை விடுங்கள்.

3. யார் கண்ணால் பார்ப்பது என்று எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தக் கதையை மூன்று பேர் வழியாகச் சொல்லலாம். தனம், மகன், வியாபாரி. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது வேறு. வியாபாரிக்குக் கணக்கு மட்டும் தெரியும், வீட்டுக்குள் நடந்தது தெரியாது. மகனுக்குத் தான் எடுத்தானா இல்லையா என்பது தெரியும். அவன் வழியாகக் கதை சொல்லிக்கொண்டே அந்த ஒன்றை மட்டும் கடைசி வரை மறைத்துவைத்தால் அது வாசகரை ஏமாற்றுவது. கடைசிப் பக்கத் திருப்பத்துக்காக இப்படிச் செய்கிறவர்கள் நிறைய. வாசகர் முதல்முறை வியப்பார், இரண்டாம் முறை உங்களைப் படிக்கமாட்டார்.

தனத்துக்கும் தெரியாது, ஆனால் தெரிந்தே ஆகவேண்டிய கட்டாயம் அவளுக்குத்தான். யாருக்குத் தெரியவேண்டிய அவசரம் அதிகமோ, அவர் கண்ணையே முதலில் முயன்று பாருங்கள்.

முடிவு செய்தபிறகும் கண் நழுவும். வரைவுகளில் அடிக்கடி பார்ப்பது இப்படி:

“தனம் தராசுத் தட்டைத் துடைத்தாள். இவள் ஏன் இத்தனை தடவை துடைக்கிறாள் என்று மகனுக்கு எரிச்சலாக இருந்தது.”

இரண்டாம் வாக்கியத்தில் நாம் மகனின் மனத்துக்குள் போய்விட்டோம். அங்கே போனால், “அப்படியானால் அவன் எடுத்தானா?” என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்திருக்கவேண்டும். கண்ணைத் தனத்திடமே வைத்து எழுதினால்:

“தனம் தராசுத் தட்டைத் துடைத்தாள். மகன் தலையணையைத் திருப்பிப் போட்டான், சத்தம் கேட்கும்படியே.”

எரிச்சலும் வந்துவிட்டது, அது என்ன எரிச்சல் என்ற சந்தேகமும் வந்துவிட்டது.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். நம் வினைமுற்றில் மரியாதையும் சேர்ந்தே வரும். தனத்தின் கண்ணில் வியாபாரி “வந்தார்”. மகனின் கண்ணில் அதே ஆள் “வந்தான்” ஆகலாம். கதை முழுக்கத் தனம் பார்க்கிறாள் என்றால், கதைசொல்லி வியாபாரியை ஓரிடத்தில் “அவன்” என்றதுமே அவள் மனத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். வேண்டுமென்று செய்தால் நல்ல கருவி. தெரியாமல் நேர்ந்தால் குழப்பம். வரைவு முடிந்ததும் “ஆர்”, “ஆன்” முடிவுகளை மட்டும் ஒருமுறை தனியாகச் சரிபாருங்கள்.

முதல் கதையைத் தன்மையில் எழுதவேண்டாம் என்பது என் யோசனை. “நான்” என்று தொடங்கியவுடன் தனம் கல்லூரிப் பேராசிரியரைப் போல யோசிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

4. தொழிலை நேரில் போய்ப் பாருங்கள்

அதிகம் பேர் தாண்டிக் குதித்துவிடுகிற படி இது. கதையின் பாதி இங்கேதான் கிடைக்கும்.

வரைவு எழுதும் முன்பே போகவேண்டும். எழுதிவிட்டுச் சரிபார்க்கப் போனால், எழுதியதற்கு ஆதரவாக இருப்பது மட்டும்தான் கண்ணில் படும். தெரிந்தவர் மூலம் ஒரு பட்டறைக்குப் போங்கள். போனவுடன் கேள்வி கேட்காதீர்கள், முதலில் கைகளைப் பாருங்கள். எதை எடுத்தபிறகு எதை வைக்கிறார்கள், எப்போது பேச்சை நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார்கள். அப்புறம் கேளுங்கள். கூலி எதை வைத்துக் கணக்கு? எது வீணாகும்? எந்தத் தவறை மன்னிக்கவே மாட்டார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலில் பெரும்பாலும் ஒரு கதையே இருக்கும்.

வெள்ளி சுமார் 961 டிகிரி செல்சியஸில் உருகும். பற்றவைக்கிற பொடி அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அதனால்தான் கொலுசின் வளையம் உருகாமல் இணைப்பு மட்டும் பிடிக்கிறது. சூடு கொஞ்சம் மிஞ்சினால் வளையமே குழைந்துவிடும். இணைப்பு சுத்தமாகப் பிடிக்க வெங்காரம் வைப்பார்கள். அரம் போட்டுத் தேய்த்தால் தூள் விழும். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று: பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையை யாரும் வெளியே கொட்டமாட்டார்கள். அதில் வெள்ளித்தூள் இருக்கும். சேர்த்துவைத்துப் பிரித்தெடுக்கக் கொடுப்பார்கள்.

இந்தக் கடைசித் தகவல் தெரியாமல் தனத்தின் கதையை எழுதினால் திருடன் யார் என்பதோடு அது நின்றுபோகும். தெரிந்துகொண்டு எழுதினால், அந்த 6 கிராம் யாரும் எடுக்காமலே போயிருக்கலாம் என்ற வழியும் திறக்கிறது. வீட்டில் உட்கார்ந்து யோசித்து இதற்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

நேரில் போகாததால் வருகிற பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன், எல்லாமே வரைவுகளில் பார்த்தவை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்க, பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். காப்பி பூப்பது கோடைமழை விழுந்தபின், மார்ச் ஏப்ரல் வாக்கில். பூவும் சில நாளில் வாடிவிடும். பழம் பறிப்பு நவம்பரிலிருந்து ஜனவரி வரை. இரண்டையும் ஒரே காலையில் காட்டினால் தோட்டம் தெரிந்தவர் அங்கேயே பத்திரிகையை மூடிவிடுவார்.

இன்னொன்றில் காதலர்கள் விசைத்தறிக் கூடத்துக்குள் கிசுகிசுத்துக்கொண்டார்கள். தறிகள் ஓடும்போது அங்கே பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசவேண்டும், இல்லையென்றால் ஜாடை. உண்மையை ஒட்டி எழுதியிருந்தால் அந்தக் காட்சி இன்னும் நன்றாக வந்திருக்கும். ரகசியத்தைக் கத்திச் சொல்லவேண்டிய இடம்! கைத்தறி என்றால் வேறு தொல்லை. குழித்தறியில் கால் மிதியில் இருக்கும், கை நாடாவை ஓட்டும். நெசவாளி எழுந்து சன்னலருகே போய் நின்று பெருமூச்சு விட்டால் அந்த நேரத்தில் தறிச் சத்தம் கேட்கக்கூடாது.

சவ்வரிசி ஆலைக் கதை என்றால் மழை ஒரு முக்கியப் பாத்திரம், களத்தில் காய்வது நனைந்தால் போயிற்று. கிழங்கை எங்கள் பக்கத்துக் காட்டில் “குச்சிக்கிழங்கு” என்பார்கள். விவசாயியின் வாயில் “மரவள்ளி” என்று வந்தால் அவர் அரசு அலுவலர் முன்னால் நிற்கிறார் என்று பொருள்.

பார்த்ததையெல்லாம் எழுதிவிடாதீர்கள். பத்தில் ஒன்று கதைக்குள் போனால் போதும். தனத்துக்கு வெங்காரம் எதற்கு என்று தெரியும், அதை அவள் தனக்குத்தானே விளக்கிக்கொண்டிருக்கமாட்டாள். விரல் போகிற வேகத்தில் வாசகர் புரிந்துகொள்வார். புரியாவிட்டாலும் தவறில்லை, அவள் தொழிலில் கெட்டிக்காரி என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. பட்டறையில் ஒருவர் நம்பிச் சொன்ன குடும்ப விஷயத்தை அப்படியே எடுத்துவைக்காதீர்கள். தெரு, வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். சேலம் பெரிய ஊர்தான், ஆனால் ஒரே தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு தெருதான்.

5. முடிவைத் தோராயமாகக் கண்டுபிடியுங்கள்

எழுத எழுத முடிவு தானாக வரும் என்பார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு வரலாம். புதியவர்களுக்கு வருவது பெரும்பாலும் விபத்து, தற்கொலை அல்லது கனவு.

நோட்டில் நான்கைந்து முடிவுகளை எழுதிப் பாருங்கள். மகன் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான். வியாபாரி பெரிய மனசோடு மன்னிக்கிறார். தனம் தன் காலில் கிடக்கும் கொலுசைக் கழற்றி எடையைச் சரிக்கட்டுகிறாள். முதலில் மனத்தில் வருபவை எல்லாம் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் அவைதான் வரும். மூன்றாவது பார்க்க அழகாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்பாதீர்கள்.

அதற்கு அப்பால் போங்கள். இரவில் மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவன் சட்டைப் பையைத் துழாவுகிறாள். அவன் தூங்கவில்லை, பார்த்துவிடுகிறான். இருவரும் எதுவும் பேசவில்லை. விடியும்போது தரையைக் கூட்டி அள்ளுகிறாள். அந்தக் குப்பையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று பிரித்தெடுத்தால்தான் தெரியும், ஒன்பது மணிக்குள் நடக்கிற காரியமில்லை. ஆக, யாராவது எடுத்தார்களா இல்லையா என்பது அவளுக்குக் கடைசி வரை தெரியாது. கடையில் அந்த 6 கிராமைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள், கதை முடிந்துவிடும். வீட்டில் கழிந்தது வேறு.

எடைப் பிரச்சினை ஒரு வழியாகத் தீர்கிறது, அதைத் தீர்க்கப் போய் வேறொன்று கெட்டுப்போகிறது. சிறுகதையில் முடிவு என்று நான் தேடுவது இந்த மாதிரி இடத்தைத்தான். இதுவே ஒரே வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக எழுதுகிறவருக்கு இது கைகொடுக்கும்.

6. முதல் வரைவைத் திரும்பிப் பார்க்காமல் எழுதுங்கள்

இப்போதுதான் எழுதத் தொடங்குகிறோம். எந்தக் காட்சிக்காக இந்தக் கதையை எழுத ஆசைப்பட்டீர்களோ அதையே முதலில் எழுதுங்கள். நம் கதையில் அது சட்டைப் பை. அது சரியாக வந்தால், அதற்கு முன்னால் என்னென்ன தேவை என்று அதுவே சொல்லும். விளக்கு அணைந்திருக்கவேண்டும், சட்டை எங்கே தொங்குகிறது என்று முன்பே காட்டியிருக்கவேண்டும், கணவன் அப்போது வீட்டில் இருக்கக்கூடாது. ஒன்றாம் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதுகிறவர்கள் இந்தக் காட்சிக்கு வருவதற்குள் களைத்துப்போய் அதை நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

தெரியாத விவரம் வந்தால் நிறுத்தித் தேடப் போகாதீர்கள். அடைப்புக்குறிக்குள் “இங்கே கூலி விவரம்” என்று போட்டுவிட்டு மேலே போங்கள். கைப்பேசியில் எதையாவது தேடப் போனவர் அன்றைக்குத் திரும்பி வருவதில்லை.

நான்கைந்து உட்காரலில் முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் இழுத்தால் கதையின் குரல் மாறிக்கொண்டே போகும்.

7. தொடக்கத்தை வெட்டுங்கள்

வரைவு முடிந்ததும் முதல் அரைப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு மீதியை வாசியுங்கள். கதை புரிகிறதா? பெரும்பாலும் புரியும். அப்படியானால் மூடிய பகுதி நீங்கள் சூடேற எழுதியது, வாசகருக்கானது அல்ல.

அந்தப் பகுதியில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சூரியன் கிழக்கில் உதித்திருக்கும், சேவல் கூவியிருக்கும், தனத்துக்கு எத்தனை வயதில் கல்யாணம் ஆனது என்று வந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இங்கே தொடங்கிப் பாருங்கள்:

“மூன்றாவது தடவையும் அதே எடைதான் காட்டியது. தனம் தராசை அணைத்துவிட்டு, தட்டைத் துடைத்து, மறுபடி போட்டாள்.”

நேரம், வறுமை, வீட்டின் அளவு எதுவும் சொல்லவில்லை. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிகிறது. வாசகர் அடுத்த வரிக்கு வர இது போதும்.

8. பேச்சைத் தனியாக எடுத்துத் திருத்துங்கள்

பேச்சு வரிகளை மட்டும் வேறு தாளில் நகலெடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு வாசியுங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால் எல்லோரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள்.

பொதுவாகப் பார்க்கிற பிழை, பாத்திரங்கள் வாசகருக்குத் தகவல் சொல்வது. “அண்ணா, நீங்க குடுத்த வெள்ளியில ஆறு கிராம் குறையுது, என் பையன்தான் எடுத்திருப்பானோன்னு பயமா இருக்கு” என்று தனம் வியாபாரியிடம் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. மனிதர்கள் இக்கட்டில் இருக்கும்போது கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருக்கிற ஒன்றைச் சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு வியாபாரி போன் செய்கிறார்:

“எடை போட்டுப் பாத்தியாம்மா?”

“காலையில போட்டுக்கலாங்கண்ணா.”

“ராத்திரியே போட்டுருவியே நீ.”

“கரண்டு இல்லீங்க.”

அந்தத் தராசு பேட்டரியில் ஓடுவது. அது அவருக்கும் தெரியும். அதை நீங்கள் விளக்கவேண்டாம், முதல் பக்கத்தில் அவள் பேட்டரி மாற்றுவதைக் காட்டியிருந்தால் போதும்.

சேலத்துப் பேச்சை எழுதும்போது சினிமாவில் கேட்ட கோவைப் பேச்சை இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் “ஏனுங்க” போட்டால் நாடகமாகிவிடும். இங்கே “ங்க” வரும், ஆனால் யாரிடம் வரும் என்பதில் கணக்கு இருக்கிறது. தனம் வியாபாரியிடம் சொல்கிற “ங்க” மகனிடம் வராது. பக்கத்து வீட்டு ஆயாவிடம் உரிமையோடு ஒருமையிலும் பேசலாம். மரியாதை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதில் உறவு தெரிந்துவிடும்.

இந்த ஊரின் நெசவாளர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் புழங்குகின்றன. அப்படியொரு குடும்பத்தை எழுதினால் முழு வாக்கியங்களையும் அந்த மொழியில் கொடுத்துவிட்டுப் பொருள் எழுதவேண்டாம். உறவுமுறைச் சொல் ஒன்றிரண்டு போதும். “அவர்கள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள்” என்று சொல்லி, அந்த நேரத்தில் வெளியாள் முகம் எப்படி மாறியது என்று காட்டினால் இன்னும் பலன் உண்டு.

“என்றாள்”, “என்றான்” போதும். வினவினாள், முணுமுணுத்தாள், கர்ஜித்தான் எல்லாம் வேண்டியதில்லை.

9. ஊரை வேலைக்கு வையுங்கள்

ஐந்து ரோடு, கோட்டை மாரியம்மன் கோயில், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, தட்டுவடை செட். நான்கையும் ஒரே பத்தியில் அடுக்கினால் சேலம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வருவது சுற்றுலாக் கையேடு. ஓர் இடம் கதைக்குள் வரவேண்டுமென்றால் அது யாரையாவது தடுக்கவேண்டும், அல்லது உதவவேண்டும். ஆடித் திருவிழாவுக்காகத் தெருவை அடைத்துவிட்டார்கள், தனம் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகவேண்டியிருக்கிறது, மணி ஒன்பதாகப் போகிறது. இப்போது திருவிழா கதைக்குள் வந்துவிட்டது.

ஏற்காடு என்றால் மூடுபனி. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்குகிற பேருந்து ஓட்டுநருக்குப் பனி அழகில்லை, எதிரே வருகிற லாரியை மறைக்கிற ஒன்று. களத்தில் காப்பிக் கொட்டை காயப்போட்டவருக்கு அது ஈரம். பனியைப் பார்த்துக் கவிதை சொல்கிறவர் பெரும்பாலும் சனிக்கிழமை காலை மேலே வந்து ஞாயிறு மாலை இறங்குகிறவர். அவரைப் பற்றியும் கதை எழுதலாம், ஆனால் அது அவரைப் பற்றிய கதை என்று தெரிந்து எழுதவேண்டும்.

10. ஊறப்போட்டு, வரிசைப்படி திருத்துங்கள்

வரைவை இரண்டு வாரம் தொடாதீர்கள். எழுதிய கையோடு வாசித்தால், தாளில் இல்லாததையும் மனம் நிரப்பிக்கொள்ளும்.

திருத்தத்துக்கும் வரிசை உண்டு. முதலில் காட்சிகள்: எதை எடுத்தாலும் கதை நிற்கிறதோ அதை எடுத்துவிடுங்கள். அடுத்து பத்திகள். அதன்பின் வாக்கியங்கள். ஒற்றுப்பிழை கடைசியில். நேர்மாறாகச் செய்தால், ஒருநாள் முழுக்க வல்லினம் மிகும் இடம் பார்த்துச் சரிசெய்த பத்தியை மறுநாள் தூக்கி எறியவேண்டிவரும். மனம் வராது, அந்தப் பத்தி கதையிலேயே கிடந்துவிடும்.

வாக்கியத் திருத்தத்தில் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் வரிகளைக் குறிவையுங்கள். “அவள் மனம் கனத்தது”, “இனம்புரியாத சோகம் கவ்வியது” போன்றவை. அவற்றுக்கு முந்தைய வரியில் அந்த உணர்ச்சி ஏற்கெனவே இருந்தால் பெயர் தேவையில்லை. இல்லையென்றால் பெயரால் பயனில்லை. “திடீரென்று” என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். நீக்கினால் பெரும்பாலும் காட்சி இன்னும் திடீரென்று நடக்கும்.

கடைசியாக, சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். கண் தாண்டிப்போகிற இடங்களை நாக்கு தாண்டாது.

11. ஒருவரிடம் கொடுங்கள், “எப்படி இருக்கு” என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்கவேண்டியவை வேறு. எங்கே அலுப்புத் தட்டியது? எந்த இடத்தில் யார் பேசுவது என்று குழம்பியது? கடைசியில் தனம் என்ன நினைத்திருப்பாள்? மூன்றாவதுக்கு அவர் சொல்வது நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிராக இருந்தால் விவாதம் செய்யாதீர்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் வாசித்தார்.

முடிந்தால் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். இலக்கியக் கருத்து வேண்டாம், தொழிலில் தவறு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வாசகர் ஒருவர் சொல்கிற குறை அநேகமாகச் சரி. அதற்கு அவர் சொல்கிற தீர்வு அநேகமாகத் தவறு. குறையை எடுத்துக்கொண்டு தீர்வை நீங்களே தேடுங்கள்.

12. அனுப்புங்கள்

அனுப்பும் முன் அந்தப் பத்திரிகையின் சமீபத்திய இதழ்கள் இரண்டு மூன்றையாவது வாசியுங்கள். சொல் எண்ணிக்கைக்கு வரம்பு சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். கோப்பின் முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், முகவரி, கைப்பேசி எண். பின்னணிப் படமும் வண்ண எழுத்தும் வேண்டாம். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும், கதைச்சுருக்கமோ அது பிறந்த கதையோ எழுதவேண்டாம்.

யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்தே அனுப்பாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. “எடை குறைந்த கொலுசு” என்ற யோசனைக்குக் கிடையாது, அதை வைத்து வேறொருவர் வேறு கதை எழுதலாம். தேதியுடன் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள், நல்லவிதமாக அல்ல. பத்திரிகை தன் காத்திருப்புக் காலத்தைச் சொல்லியிருந்தால் அதுவரை பொறுங்கள். சொல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ஒரே வரியில் கேட்கலாம். அதற்கும் பதில் வரவில்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.